குட்டி யானைக்குப் பெரிய கால்! பிக்கப்பை உயர்த்தும் முன் ஒரு நிமிடம்...

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர், சிதம்பரம் பக்கத்து வண்டிப் பட்டறைகளில் ஒரு கோரிக்கை அடிக்கடி காதில் விழும். "அண்ணே, வண்டி ரொம்பத் தாழ்வா இருக்கு. பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்து, கொஞ்சம் பெரிய டயரா மாட்டிவிட முடியுமா? செலவு கம்மியா ஆகணும்."

கேட்பவர் பந்தாவுக்காகக் கேட்கவில்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி ஏற்றுகிறவர், பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் கொண்டுபோகிறவர், காட்டுமன்னார்கோவில் பக்கம் நெல் மூட்டை எடுக்கப் போகிறவர் என்று பிழைப்புக்காக வண்டி ஓட்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். வண்டி ஒரு நாள் சேற்றில் சிக்கினால் அன்றைய வாடகை போச்சு. மீன் என்றால் சரக்கே போச்சு. மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

பிக்கப்பை உயர்த்தலாமா? குறைந்த செலவில் முடியுமா? உயர்த்தினால் நாம் நினைத்த பலன் கிடைக்குமா? சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீர் தேடி வரும் ஊர்

கடலூர் மாவட்டத்தின் அமைப்பே தனி. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று வரிசையாக ஆறுகள் வந்து கடலில் சேரும் இடம் இது. மேட்டு மாவட்டங்களில் பெய்யும் மழையும் இங்கே வந்துதான் வடிய வேண்டும். சிதம்பரம் பக்கமோ காவிரிப் பாசனத்தின் கடைமடை. களிமண் பூமி. ஒரு மழைக்கே வயலோரப் பாதை பசைபோல ஆகிவிடும்.

2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலை இந்த மாவட்டம் மறக்காது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவி புயல் மழையின்போது சிதம்பரம் நடராஜர் கோயில் வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் தேங்கி நின்றது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோரக் கடலூர்ப் பகுதிகள் வெள்ளத்தில் மிதந்தன.

இப்படிப்பட்ட ஊரில் வண்டி கொஞ்சம் உயரமாக இருந்தால் நல்லது என்று நினைப்பது நியாயம்தான்.

இங்கே ஓடும் வண்டிகளோ பெரும்பாலும் சின்னவை. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. நம் ஊர் அதற்கு 'குட்டி யானை' என்று பெயர் வைத்து, அதே அளவில் வரும் எல்லா வண்டிகளையும் அந்தப் பெயரிலேயே கூப்பிட ஆரம்பித்தது. பிறகு அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலிரோ பிக்கப் என்று வரிசை நீண்டது. சந்துக்குள் நுழைய வேண்டும், பெட்டியில் சரக்கு ஏற்ற உயரம் தோதாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த வண்டிகள் இவை. ஏஸ் ரக வண்டிக்கு 12 அங்குலச் சக்கரம்தான். பள்ளத்தில் இறங்கினால் அந்தச் சின்னக் கால் தடுமாறத்தான் செய்யும்.

எந்த உயரத்தைக் கேட்கிறீர்கள்?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 'வண்டி உயரம்' என்பது ஒரே அளவு இல்லை.

லாரி, பிக்கப் வகைகளில் பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் இணைத்து ஒரே அச்சு ஓடும். அதன் நடுவே பானை மாதிரி உருண்டையாகத் தொங்குவதுதான் டிஃபரன்ஷியல். பெரும்பாலான பிக்கப்களில் தரைக்கு மிக அருகில் இருக்கும் பாகம் அதுதான். அந்த அச்சின் மேல் ஸ்பிரிங் பட்டைகள், பட்டைகளின் மேல் சேஸ், சேஸின் மேல் கேபினும் பெட்டியும் உட்கார்ந்திருக்கின்றன.

நீங்கள் பட்டையைச் சேர்த்தால் உயர்வது சேஸும் அதற்கு மேலே உள்ளதும் மட்டும்தான். அச்சும் டிஃபரன்ஷியலும் பழைய இடத்திலேயே இருக்கும். வயல் வரப்பில் டிராக்டர் டயர் போட்ட தடத்தின் நடு மேட்டில் நேற்று இடித்த டிஃபரன்ஷியல், பட்டை சேர்த்த பிறகு நாளைக்கும் அதே மேட்டில் இடிக்கும். வெளியே நின்று பார்த்தால் மட்டும் வண்டி ஜம்மென்று உயர்ந்து தெரியும்.

அச்சை உயர்த்த வேண்டும் என்றால் ஒரே வழி, டயரின் விட்டத்தைக் கூட்டுவதுதான். ஆனால் பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுற்ற இடம் வேண்டுமே? அதற்காகத்தான் சேஸை உயர்த்துகிறார்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்றைத் தொட வேண்டி வருவது இதனால்தான்.

டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் கணக்கு

உங்கள் டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர்15 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 75 சதவீதம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

215-ல் 75 சதவீதம் 161.25 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர் சேர்த்தால் 322.5. ரிம்முக்கு 381 மில்லிமீட்டர். மொத்த விட்டம் 703.5 மில்லிமீட்டர்.

இதே ரிம்மில் 235/75 ஆர்15 டயரை மாட்டினால்? இதே முறையில் கணக்கிட்டால் 733.5 மில்லிமீட்டர். வித்தியாசம் 30 மில்லிமீட்டர். ஆனால் அச்சு சக்கரத்தின் மையத்தில் இருப்பதால் உயர்வது அதில் பாதிதான். அதாவது 15 மில்லிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர்!

நான்கு டயர், ஒரு ஸ்டெப்னி என்று ஐந்துக்கும் பணம் கொடுத்து, டிஃபரன்ஷியலுக்குக் கீழே நாம் வாங்கியது ஒரு விரல் பருமன் இடம். இந்தக் கணக்கைக் கடைக்குப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே தணிந்துவிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும். ஸ்பீடோமீட்டருக்கு அது தெரியாது. மேலே சொன்ன உதாரணத்தில் வித்தியாசம் சுமார் 4.3 சதவீதம். மீட்டர் 80 என்று காட்டும்போது உண்மையில் 83-ஐத் தாண்டியிருப்பீர்கள். 100 கிலோமீட்டர் ஓடியதாக மீட்டர் காட்டினால், நிஜத்தில் 104 கிலோமீட்டர் ஓடியிருக்கும். மீட்டரை வைத்து வாடகை பேசுகிறவருக்கு அது நஷ்டம்.

அகலமான டயர் எல்லாமே பலமான டயர் என்பதும் தவறு. டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது பாரக் குறியீடு. 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோதான். பார்க்கக் கம்பீரமாக இருக்கும் எஸ்.யு.வி. டயரை மாட்டிவிட்டு, பின் அச்சில் பழைய பாரத்தையே ஏற்றினால், இரண்டு டயருக்கும் சேர்த்து 200 கிலோ தாங்கும் சக்தியை நாமே குறைத்திருப்போம். வைகாசி வெயிலில் நான்குவழிச் சாலையில் அந்த டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சரக்கு வண்டிக்கு, சரக்கு வண்டிக்கென்று செய்த 'எல்.டி.' வகை டயர்தான் சரி.

பட்டறையில் நடக்கும் ஐந்து வைத்தியங்கள்

செலவு குறைந்த முறைகளாகப் பேசப்படுபவை ஐந்து. ஒவ்வொன்றின் நல்லதும் கெட்டதும் இதோ.

*பட்டையை அடித்து வளைப்பது:* தொய்ந்துபோன பட்டைகளைக் கழற்றி, அடித்து மறுபடி வில்லாக வளைப்பார்கள். கைக்காசு குறைவாகத்தான் ஆகும். ஆனால் ஸ்பிரிங் எஃகின் பலமே அதைச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றிய முறையில் இருக்கிறது. களைத்துப்போன பட்டையை வெறுமனே அடித்து வளைத்தால் சில மாதங்களில் மறுபடி தொய்யும். அடித்த இடத்தில் நுண்ணிய வெடிப்பு இருந்தால் பாரத்தில் ஒடியும்.

*கூடுதல் பட்டை சேர்ப்பது:* அதிகமாக நடப்பது இதுதான். உயரம் கிடைக்கும், பின்பக்கம் அமுங்காது. ஆனால் வெறும் வண்டியாக ஓட்டும்போது குதிக்கும். மழைச் சாலையில் பிரேக் பிடித்தால் பின் சக்கரம் சட்டென்று பிடியை இழக்கும். அதைவிட முக்கியமானது, பட்டை கூடினால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடை கூடிவிடாது. அச்சு, ஹப் பேரிங், பிரேக், சேஸ் எல்லாம் பழையவைதானே?

*அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது:* பின் அச்சில் இரும்புக் கட்டை வைத்து, நீளமான யூ போல்ட் போட்டு இறுக்குவார்கள். பிரேக் பிடிக்கும்போதும் ஏற்றத்தில் இழுக்கும்போதும் அந்தக் கட்டை ஒரு நெம்புகோல்போலப் பட்டையை முறுக்கும். முன் அச்சில் இதைச் செய்யவே கூடாது. மரக்கட்டை வைப்பதும், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டை அடுக்குவதும் உயிரோடு விளையாடுவது.

*ஷேக்கிளை நீட்டுவது:* பட்டையின் ஒரு முனையைச் சேஸோடு இணைக்கும் தொங்கல்தான் ஷேக்கிள். அதை 2 அங்குலம் நீட்டினால் வண்டி சுமார் 1 அங்குலம் உயரும். ஆனால் அச்சு லேசாகத் திரும்பிக்கொள்ளும். அதனால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும். அதிர்வு வரும். யு.ஜே. கிராஸ் அடிக்கடி போகும்.

*கேபினையும் பெட்டியையும் மட்டும் உயர்த்துவது:* சேஸுக்கும் பாடிக்கும் நடுவே கனமான ரப்பர் அல்லது நைலான் தட்டு வைப்பது. அச்சு, பட்டை எதையும் தொடாமல் டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் ஸ்டீயரிங் தண்டு, கியர் லிவர், கிளட்ச் கேபிள், டீசல் குழாய் எல்லாவற்றுக்கும் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். கேபின் முன் சக்கரத்தின் மேலேயே இருக்கும் குட்டி யானை வகைகளுக்கு இது ஒத்துவராது.

உயர்ந்த பிறகு பிரேக் என்ன நினைக்கும்?

பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. பல பிக்கப்களில் பின் அச்சிலிருந்து சேஸுக்கு ஒரு சின்னக் கம்பி போகும். அதன் மறுமுனையில் ஒரு வால்வு. பாரம் ஏறினால் சேஸ் கீழே அமுங்கும். கம்பி அதை வால்வுக்குச் சொல்லும். வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். வண்டி காலியாக இருந்தால் சேஸ் மேலே இருக்கும். பின் பிரேக்குக்கு அழுத்தம் குறையும். காலி வண்டியின் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இப்போது நாம் பட்டை சேர்த்துச் சேஸை உயர்த்திவிட்டோம். ஒரு டன் சரக்கு ஏற்றிய பிறகும் சேஸ் மேலேயே நிற்கிறது. வால்வு என்ன நினைக்கும்? 'வண்டி காலிதான்' என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழுப் பாரத்தோடு வரும்போது, மிகவும் தேவையான நேரத்தில், பின் பிரேக் பாதி தூக்கத்தில் இருக்கும்.

பெரிய டயரும் இதோடு சேர்ந்துகொள்ளும். பிரேக் டிரம் அதே அளவு, சக்கரம் மட்டும் பெரிது என்றால் தரையில் கிடைக்கும் பிடிமான விசை குறையும். அதேபோல இன்ஜினுக்கும் சக்கரம் கனமாகத் தெரியும். மேம்பாலம் ஏற முன்பு மூன்றாவது கியர் போதுமாக இருந்தால் இனி இரண்டாவது தேவைப்படலாம். கிளட்ச் சீக்கிரம் தேயும். டீசலும் கூடுதலாகப் போகும்.

அடுத்தது கவிழும் ஆபத்து. ஒரு சாதாரணக் கணக்கு: இரண்டு சக்கரங்களுக்கு நடுவே 130 சென்டிமீட்டர் அகலமும், சரக்கோடு சேர்த்து எடை மையம் 100 சென்டிமீட்டர் உயரத்திலும் உள்ள வண்டி, ஸ்பிரிங் சாய்வதைக் கணக்கில் எடுக்காமல், 33 டிகிரி சாய்ந்தால்தான் கவிழும். அதை 6 சென்டிமீட்டர் உயர்த்தினால் 31.5 டிகிரியிலேயே கவிழும். ஒன்றரை டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் வைக்கோலோ கரும்போ கேபினுக்கு மேல் அடுக்கி, எடை மையம் 125 சென்டிமீட்டருக்குப் போய்விட்டால், உயர்த்தாத வண்டிக்கே எல்லை 27.5 டிகிரிதான். உயர்த்திய வண்டிக்கு அதுவும் இருக்காது. வளைவில் எதிரே பேருந்து வந்து, ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கும் அந்த நொடியில் இந்த ஒவ்வொரு டிகிரிக்கும் விலை இருக்கிறது.

முகப்பு விளக்கையும் மறந்துவிடக் கூடாது. பின்பக்கம் கனமாகி முன்பக்கம் தூக்கினாலும், மொத்தமாக வண்டி உயர்ந்தாலும், வெளிச்சம் எதிரே வரும் பைக்காரரின் கண்ணில் போய் அடிக்கும். உயரம் மாறினால் விளக்கின் சாய்வையும் மாற்றியே ஆக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு தெளிவாகவே இருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 182ஏ(4) என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பட்டை ஒரு மாற்றம், டயர் ஒரு மாற்றம் என்று எண்ணினால் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரக்கு வண்டிகளுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பதிவு ஆவணத்தில் முன், பின் டயரின் அளவும் எண்ணிக்கையும் மொத்த எடையும் குறிக்கப்படும். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அங்கே ஆவணத்தில் இருப்பது ஒன்று, வண்டியில் இருப்பது வேறு என்றால் திருப்பி அனுப்புவார்கள். எஃப்.சி.க்காகப் பழைய டயரை மாட்டிக் காட்டிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் விபத்து நடக்கும் நாளில் எந்த டயர் இருக்கிறதோ அதைத்தான் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்ப்பார். மாற்றத்தை மறைத்திருந்தால் இழப்பீட்டுக்குச் சிக்கல் வரும். வண்டியே சொத்தாக இருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய இடி.

பட்டை சேர்ப்பதன் உள்நோக்கம் அதிக பாரம் ஏற்றுவது என்றால், 194-வது பிரிவு தயாராக இருக்கிறது. 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

வெளிநாட்டில் எல்லாம் உயர்த்தி ஓட்டுகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆஸ்திரேலியாவில் குறிப்பிட்ட சில அங்குலம் வரை அனுமதி உண்டு. அதைத் தாண்டினால் பொறியாளர் சான்று வேண்டும். ஐஸ்லாந்தில் பனிமேல் ஓட்ட ராட்சத டயர் போட்ட வண்டிகள் தனிப் பரிசோதனை முடித்துத்தான் சாலைக்கு வருகின்றன. அங்கே கியர் விகிதம், பிரேக், ஸ்பீடோமீட்டர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுகிறார்கள். நாம் படத்தில் பார்ப்பது டயரை மட்டும்.

வெள்ளத்தில் உயரம் காப்பாற்றுமா?

நம் ஊரில் பலரும் உயர்த்த நினைப்பது தண்ணீருக்காக. அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓடும் தண்ணீர் ஓர் அடி ஆழம் இருந்தாலே பெரும்பாலான கார்களை இழுத்துவிடும். 2 அடி இருந்தால் பிக்கப்பையும் இழுத்துவிடும் என்று அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது. நாம் இத்தனை செலவு செய்து பெறுவது 2, 3 அங்குலம். காற்றடைத்த பெரிய டயர் தண்ணீரில் இன்னும் நன்றாக மிதக்கும் என்பதையும் மறக்காதீர்கள். மிதக்கிற சக்கரத்துக்குத் தரையில் பிடி இருக்காது.

தேங்கி நிற்கும் தண்ணீரில் இன்ஜினைக் காப்பது டயர் உயரம் இல்லை, காற்று உறிஞ்சும் குழாய் இருக்கும் உயரம். அதன் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டி நடுத் தண்ணீரில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக் கரையேற்ற வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

தண்ணீரில் ஓடிவந்த வண்டியின் டிஃபரன்ஷியல் ஆயிலையும் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் திடீரென்று தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மாற்றினால் ஆயில் காசு மட்டும். விட்டுவைத்தால் கிரவுன், பினியனுக்கே செலவு.

குறைந்த செலவில், சட்டத்துக்குள் என்ன செய்யலாம்?

நல்ல செய்தி இங்கே இருக்கிறது. பழைய பிக்கப்கள் பலவற்றில் பிரச்னை, கம்பெனி உயரம் போதவில்லை என்பது இல்லை. கம்பெனி கொடுத்த உயரமே இப்போது இல்லை என்பதுதான். ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்து பட்டை தொய்ந்து, புஷ் தேய்ந்து, வண்டி தாழ்ந்திருக்கும். அதை மீட்டாலே போதும். அது மாற்றம் இல்லை, பராமரிப்பு. சட்டச் சிக்கலும் கிடையாது.

முதலில் அளந்து பாருங்கள். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். இடதும் வலதும் வித்தியாசமாக இருந்தால் ஒரு பக்கப் பட்டை தொய்ந்திருக்கிறது அல்லது ஒடிந்திருக்கிறது. அதே மாடல் புதிய வண்டியோடு ஒப்பிட்டால் எவ்வளவு உயரம் இழந்தோம் என்பது தெரிந்துவிடும்.

பிறகு, கம்பெனி அளவிலேயே புதிய பட்டை செட் மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் ஜோடியாக மாற்ற வேண்டும். சென்டர் போல்ட், யூ போல்ட், புஷ் எல்லாம் புதிதாகப் போடுங்கள். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடுவது காசை மிச்சம் பிடிக்கும் இடம் இல்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, டயர். ஒரே மாடலுக்குக் கம்பெனியே ஒன்றுக்கு மேற்பட்ட டயர் அளவை அனுமதித்திருக்கலாம். கதவோரம் இருக்கும் ஸ்டிக்கரையும் கையேட்டையும் பாருங்கள். பெரிய அளவு உங்கள் வண்டிக்கே அனுமதிக்கப்பட்டிருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, ஆவணத்தில் பதிய வேண்டுமா என்று தெரிந்துகொண்டு மாட்டுங்கள். இல்லையென்றால் அதே அளவில், ஆழமான பூ உள்ள டயரைப் பின்பக்கம் போடலாம். களிமண்ணில் வழுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்த டயர்தான். சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பூ இருக்க வேண்டும். சேற்றுப் பாதைக்கு அது போதவே போதாது.

நான்காவது, உப்பு. மீன் வண்டிகளில் ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் நேராகப் பட்டை மேலும் யூ போல்ட் மேலும் பிரேக் பைப் மேலும்தான் விழுகிறது. கடலூர், பரங்கிப்பேட்டை பக்கத்து வண்டிகளில் பட்டை சீக்கிரம் ஒடிவதற்கு இந்தத் துருவும் ஒரு காரணம். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுவதைப்போல மலிவான வைத்தியம் வேறு இல்லை.

எப்போது செய்வது? மீன் ஏற்றும் வண்டிகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. வண்டிக்கு ஓட்டம் குறையும் அந்த நாட்கள்தான் பட்டை வேலைக்கு ஏற்றவை. ஐப்பசி மழை தொடங்கிய பிறகு பட்டறைக்குப் போனால் கூட்டமும் அதிகம், அவசரமும் அதிகம். அவசரத்தில்தான் இரும்புக் கட்டை வைக்கச் சம்மதிப்போம்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா?

ஏற்கெனவே உயர்த்திய வண்டி உங்கள் கைக்கு வரலாம். வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

* பட்டையின் எண்ணிக்கை கம்பெனி அளவோடு ஒத்துப்போகிறதா? அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை இருக்கிறதா?
* டயர் அளவு ஆர்.சி. விவரத்தோடு ஒத்துப்போகிறதா? ஸ்டெப்னியும் அதே அளவா?
* ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். டயரின் உட்பக்கம் உரசிய தழும்பு இருக்கிறதா?
* ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைப்பாக இழுபடுகிறதா?
* பின் பிரேக் வால்வுக் கம்பி இருக்கிறதா, கழற்றிக் கம்பியால் கட்டியிருக்கிறதா?
* 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் கேபின் தரையில் அதிர்வு தெரிகிறதா?

இதில் ஒன்று தவறினாலும் விலையைக் குறைத்துக் கேட்பது மட்டும் போதாது. வண்டியைக் கம்பெனி அளவுக்குத் திருப்பிக் கொண்டுவர ஆகும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

இந்த ஊரில் மழை நிற்கப்போவதில்லை, ஆறுகள் வழிமாறப்போவதும் இல்லை. வண்டிக்கு உயரம் வேண்டும் என்ற ஆசையில் தப்பில்லை. முதலில் இழந்த உயரத்தை மீட்டுவிடுங்கள். சரக்கை அளவோடு, தாழ்வாக அடுக்குங்கள். தண்ணீர் ஓடும் பாலத்தின் முன்னால் வண்டியை நிறுத்தி, வடியும் வரை ஒரு டீ குடியுங்கள். ஒரு நடை வாடகை போனால் நாளைக்கு இன்னொரு நடை கிடைக்கும்.